வார்னிஷ் தாளில் மைதாப் பசை

முனியராஜுக்குத் தன் பெண்டாட்டிமேல் சந்தேகம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் ஆவாரங்குளத்துக்காரர்கள் சொல்வதையே நீங்களும் நம்பிவிடுவீர்கள். சந்தேகம் என்றால் விசாரித்துத் தீர்த்துக்கொள்ளலாம், கோயிலில் நிறுத்திச் சத்தியம் வாங்கலாம். அவனுக்கு வந்தது பொறாமை. அதுவும் இன்னார்மேல் என்று கைகாட்ட ஆள் இல்லாத பொறாமை. செல்வலட்சுமி சிரித்ததை யாரெல்லாம் பார்த்தார்களோ அத்தனை பேர்மேலும் பொறாமை. சிலிண்டர் கொண்டுவந்து போடுகிறவன்மேல், ரேசன் கடையில் எடை நிறுக்கிறவள்மேல், வெம்பக்கோட்டை பஸ் ஸ்டாப்பில் வெள்ளரிப் பிஞ்சு விற்கிற பெரியவர்மேல்.

கட்டின பெண்டாட்டி சிரித்தால் பொறாமைப்படுவானா ஒருத்தன் என்று கேட்பீர்கள். அதற்கு ஊரின் தண்ணீரிலிருந்து ஆரம்பிக்கவேண்டும்.

ஆவாரங்குளத்துக்கு அப்போதெல்லாம் ஒரே ஒரு அடிபம்புதான். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அதைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பால்பல் விழுந்து அடுத்த பல் முளைக்கும்போதே சுண்ணாம்புத் திட்டும் காவிக் கோடுமாக, அம்மை வடுபோலக் குழி விழுந்து முளைக்கும். சுற்று வட்டாரத்தில் காவிப்பல் ஊர் என்றால் தெரியும். வெளியூரிலிருந்து பெண்பார்க்க வருகிறவர்கள் பெண்ணிடம் பேர் கேட்பார்கள். பேர் அவர்களுக்கு முன்னாலேயே தெரியும். வாயைத் திறக்கவைத்துப் பல்லைப் பார்க்கத்தான் அந்தக் கேள்வி. செல்வலட்சுமியிடம் அப்படி இரண்டு வீட்டார் பேர் கேட்டுவிட்டுக் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். மூன்றாவதாகப் பெண் கேட்டது உள்ளூரிலேயே, தெற்குத் தெரு முனியராஜ் வீட்டில். அவனுக்கும் அதே தண்ணீர், அதே பல். யாரும் பேர் கேட்கவில்லை.

கல்யாணம் ஆகிப் பதினோரு வருஷம். வெளியே போனால் செல்வலட்சுமி உதட்டைப் பிரிக்கமாட்டாள். தப்பித் தவறிச் சிரிப்பு வந்துவிட்டால் முந்தானை வாய்க்குப் போய்விடும். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினால் அவள் வேறு ஆள். முதலில் மூக்கில் ஒரு செருமல் வரும், அப்புறம் தோள் குலுங்கும், அப்புறம் தலை பின்னால் போய் வாய் முழுக்கத் திறந்து கண்ணில் தண்ணீர் வருகிறவரைக்கும் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே முனியராஜ் நாள் முழுக்க வேனில் கேட்ட கதைகளைச் சேர்த்துவைத்துக்கொண்டு வருவான். நடித்துக் காட்டுவான். ஊரில் ஒருத்தருக்கும் இல்லாத சொத்து ஒன்று தன் வீட்டில் இருக்கிறது என்பது அவன் நினைப்பு. மகள் சண்முகத்தாய் பிறந்த வருஷம் ஊருக்குக் கூட்டுக் குடிநீர்க் குழாய் வந்தது. அவளுக்கு அரிசி மாதிரி வெள்ளைப் பல். ஒன்பது வயசாகிறது.

முனியராஜ் ஓட்டுவது பட்டாசுக் கம்பெனி வேன். சின்னக் கம்பெனி, ஒரு வேன், ஒரு டிரைவர். காலையில் ஆறு மணிக்கு ஊர்க்காவலன் டீக்கடை முன்னால் வேன் நிற்கும். ஆவாரங்குளத்திலும் அடுத்த ரெண்டு ஊரிலுமாக முப்பது பெண்கள் ஏறுவார்கள். எல்லாரும் பருத்திச் சேலை, மேலே பழைய ஆம்பளைச் சட்டை, மடியில் தூக்குவாளி. செல்வலட்சுமி அவன் சீட்டுக்கு நேர் பின்னால் ஜன்னலோரம். அவளுக்குப் புஸ்வாணத்துக்குத் திரி வைக்கிற வேலை. வாய்க்கு வேலை இல்லாத வேலை என்று அவளே சொல்லுவாள்.

போன ஆவணியில் ராக்காயிக்குக் கடைவாய்ப் பல் வீங்கிவிட்டது. ராக்காயி முப்பது வருஷமாக லேபிள் ஒட்டுகிறவள், வேனில் அத்தனை பேருக்கும் மதினி, வாய் சும்மா இருக்காது. அந்த வாயே மூடிக்கொண்டது என்றால் வலி எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். லீவு நாளில் முனியராஜும் செல்வலட்சுமியும் அவளைச் சிவகாசிக்குக் கூட்டிப்போனார்கள். கீழே முகம்மது நூகு பாயின் காலண்டர் கடை, மாடியில் அவர் மகள் பெனாசிர் டாக்டரின் பல் ஆஸ்பத்திரி. படியின் அடியில் மை வாடை, பாதிப் படிக்குமேல் கிராம்புத் தைல வாடை.

ராக்காயியின் பல்லைப் பிடுங்கிப் பஞ்சை வைத்து உட்காரவைத்தபிறகு டாக்டர் செல்வலட்சுமியைத் திரும்பிப் பார்த்தாள்.

“அக்கா, ஒங்க பல்லுக்கு என்னன்னு யாரும் சொல்லியிருக்காங்களா?”

செல்வலட்சுமியின் கை வாய்க்குப் போனது. “வெளக்கலைன்னு சொல்லுவாக டாக்டரம்மா. நானும் செங்கப்பொடி, கரி, உப்பு, எலுமிச்சம்பழம் எல்லாம் போட்டு ரத்தம் வர்ற அளவுக்குத் தேச்சுட்டேன்.”

“தேய்க்காதீங்க. இது வெளக்காததால வந்ததே இல்ல. பல்லு வெளிய வர்றதுக்கு முந்தியே, ஈறுக்குள்ள இருக்கும்போதே, தண்ணி கெடுத்திருக்கு. மேல்தோடு சரியாக் கட்டல. அப்ப ஒங்களுக்கு நாலஞ்சு வயசு. ஒங்க மேல ஒரு தப்பும் இல்லக்கா.”

செல்வலட்சுமி அந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். பல் வலியில்லாத ஒரு பொம்பளை பல் டாக்டர் முன்னால் ஏன் அழுகிறாள் என்று முனியராஜுக்கு விளங்கவில்லை.

“இத மாத்த முடியுமா?” என்றாள்.

“முடியும். மேலாப்புல இருக்கிற காவின்னா பசை வச்சுத் தேச்சே எடுத்துரலாம், ஒங்களுக்குக் குழி இருக்கு, அது பத்தாது. மருந்து வச்சு வெளுக்கவும் செய்யலாம். ஆனா திட்டு இன்னும் பளிச்சுனு தெரியும். பீங்கான்ல ஓடு மாதிரிச் செஞ்சு ஒட்டுறது ஒண்ணு இருக்கு, நல்லாத்தான் இருக்கும், செலவு சாஸ்தி. முழுப் பல்லையும் அரைச்சு கேப் மாட்டுறவங்களும் உண்டு, நான் மாட்டமாட்டேன், உள்ள நல்ல பல்லு இருக்கு. ஒங்களுக்குப் பல்லு கலர்லயே பூச்சு வச்சிரலாம். மாவு மாதிரி இருக்கும். குழிய அடைச்சுப் பூசி, லைட்டு காட்டுனா இறுகிரும். முன்னாடி எட்டுப் பல்லு, ஒரே நாள் வேலை.”

முனியராஜ் செருமினான். “இத்தன வருசம் இல்லாம இப்ப எதுக்கு லச்சுமி?”

“சிரிக்கத்தான்” என்றாள் அவள். சீட்டு எடுத்த பணம் இருந்தது. அதோடு பேச்சு முடிந்தது.

டாக்டர் அவனையும் பார்த்தாள். “அண்ணனுக்கும் பாத்துருவோமா?”

“வேன் ஓட்டுறவனுக்குப் பல்லு எதுக்கு?” என்றான், உதட்டைப் பாதி மூடிக்கொண்டே.

அடுத்த வாரம் பூச்சு வைத்த அன்று அவன் கீழே காலண்டர் கடையில் உட்கார்ந்திருந்தான். ஒன்றரை மணி நேரம். மாடியில் லைட் அடித்துத் தன் பெண்டாட்டி வாய்க்குள் ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது உறுத்தியது. பெண் டாக்டர்தான், ஆனாலும் உறுத்தியது. உட்கார முடியாமல் டீ வாங்கப் போனான். கண்ணாடித் தம்ளர்களைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தபோது செல்வலட்சுமி படி இறங்கி முடித்திருந்தாள். நூகு பாய் எழுந்து நின்று, “மாஷா அல்லா, நல்லா இருக்கும்மா” என்றார். அவள் அவரைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தாள். எட்டுப் பல்லும் தெரிந்தது. முந்தானை தோளிலேயே இருந்தது.

புதுப் பல்லின் முதல் சிரிப்பு நூகு பாய்க்குப் போய்விட்டது. கையில் டீயோடு வாசலில் நின்ற கட்டினவனுக்கு இரண்டாவதுதான். நல்ல மனுஷர், அறுபது வயசு. அவர்மேல் அன்றைக்கு முனியராஜுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

டாக்டர் மேலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னாள். “அக்கா, கரும்பு கடிக்கக்கூடாது, எலும்பு கடிக்கக்கூடாது, நூலப் பல்லால அறுக்கக்கூடாது. அஞ்சாறு வருசத்துல மங்கும், வந்து திரும்பப் பூசிக்கலாம்.” அஞ்சாறு வருசத்தில் மங்கும் என்ற சொல் ஒன்றுதான் அன்றைக்கு அவன் காதுக்கு இதமாக இருந்தது.

அதிலிருந்து வேனில் ஒரே சிரிப்புதான். செல்வலட்சுமி அவன் முதுகுக்குப் பின்னாலிருந்த இடத்தை விட்டுவிட்டு நடுவில் ராக்காயி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பதினோரு வருஷம் அடக்கிவைத்த சிரிப்பு அவ்வளவும் வெளியே வருகிற மாதிரி இருந்தது. முனியராஜ் கண்ணாடியைத் திருப்பி வைத்துப் பார்த்தான். மூக்குச் செருமல், தோள் குலுக்கல், தலை பின்னால் போவது எல்லாம் முறைப்படி நடந்தது. அவன் கதவைச் சாத்திப் பார்த்ததை முப்பது பேர் கூட்டமாக உட்கார்ந்து பார்த்தார்கள்.

சிரிப்புச் சத்தம் ஏறும்போதெல்லாம் வேன் பள்ளத்தில் இறங்க ஆரம்பித்தது.

“ஏலே முனியராசு, ரோட்டப் பாத்து ஓட்டுலே! இருக்கிற மிச்சப் பல்லும் ஆடுது எனக்கு” என்று ராக்காயி கத்துவாள்.

“ரோடு அப்பிடி மதினி.”

“நேத்து இந்தப் பள்ளம் இங்கன இல்லயே? ராத்திரி வந்து தோண்டிட்டுப் போனியா?”

அதற்கும் செல்வலட்சுமிதான் முதலில் சிரித்தாள்.

கம்பெனி வாசலில் தரையில் ஒரு செப்புத் தகடு பதித்திருக்கும். உடம்பில் இருக்கிற கரண்டு இறங்குவதற்காக ஒவ்வொருத்தரும் வெறுங்காலோடு அதை மிதித்துத்தான் உள்ளே போகவேண்டும். பக்கத்தில் போர்மேன் அழகுராஜா நின்று செல்போன், ஊக்கு, கண்ணாடி வளையல் இருக்கிறதா என்று பார்ப்பான். ஒருநாள் அவன் வரிசையைப் பார்த்து, “மாமியாருக்கும் சரவெடிக்கும் என்ன வித்தியாசம் சொல்லுங்க? சரவெடி ஒருக்க வெடிச்சா ஓஞ்சுரும்” என்றான். செல்வலட்சுமி தகட்டின்மேல் நின்றபடி குலுங்கிச் சிரித்தாள். அது முனியராஜின் ஜோக். கல்யாணமான புதிதில் அவன் வீட்டில் சொன்னது. தன் சரக்கைத் திருடித் தன் பெண்டாட்டியிடமே விற்கிறான் என்று வேன் கதவை ஓங்கிச் சாத்தினான். சிவகாசி வட்டாரத்தில் அந்த ஜோக்கைச் சொல்லாத ஆம்பளை கிடையாது என்பது அவனுக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

வீட்டில் செல்வலட்சுமி சிரிக்காமல் இல்லை. சிரித்தாள். ஆனால் அவனுக்கு இப்போது கதை சொல்ல வாய் வரவில்லை. ஊரெல்லாம் பார்த்து மிச்சம் வந்த சிரிப்பு நமக்கு எதற்கு என்று வீம்பு. சோற்றைத் தின்றுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். “மேலுக்குச் சொகமில்லையா?” என்று அவள் கேட்பாள். “ஒண்ணுமில்ல” என்பான்.

ஆயுத பூஜை வந்தது. கம்பெனிக்கு வாழைமரம் கட்டி, வேனுக்குப் பொட்டு வைத்து, எல்லாருக்கும் பொரி கொடுத்தார்கள். எப்போதும் கம்பெனிக் காலண்டரில் சாமி படம்தான் வரும். இந்த வருஷம் முதலாளிக்கு ஒரு ஆசை. வேலை செய்கிறவர்கள் எல்லாரும் நிற்கிற படத்தைப் போடச் சொல்லிவிட்டார். போட்டோக்காரன் வந்து பெண்களை மூன்று வரிசையாக நிறுத்தினான். கடைசி வரிசையில் முனியராஜ். நடுவரிசை ஓரத்தில் போர்மேன். “அந்தப் பச்சைச் சேலை அக்கா, நல்லாச் சிரிக்கிறீங்க, முன்னாடி நடுவுல வாங்க” என்று போட்டோக்காரன் செல்வலட்சுமியைக் கூப்பிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் சுவரில் கல்யாணப் போட்டோவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “இதுல நான் எளவு வீட்டுல நிக்கிற மாதிரியில்ல நிக்கேன்? வாய இறுக்கிக்கிட்டு. ஒரு போட்டோவுலயாச்சும் சிரிச்ச மாதிரி இருக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசைங்க. காலண்டர் வந்ததும் இங்கனதான் மாட்டணும்.” அப்போதே அந்த இடத்தில் ஓர் ஆணியும் அடித்துவிட்டாள்.

தீபாவளிக்குக் கம்பெனி மூடினார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மருந்து காயாது. பொங்கல் கழித்துத்தான் திறப்பு. மார்கழிக் கடைசியில் முதலாளி போன் பண்ணினார். “முனியராசு, நூகு பாய் கடையில காலண்டர் ரெடி. வியாபாரிகளுக்கு உள்ளது லாரியில போயிரும். நம்ம ஆளுகளுக்கும் உங்க பக்கத்துக் கடைகளுக்கும் ரெண்டு கட்டு. நீயே வீடு வீடாக் குடுத்துரு.”

நூகு பாய் கட்டைப் பிரித்து ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நாற்பது பேர் இருக்கிற படத்தில் கண் நேராக ஒரு இடத்துக்குத்தான் போனது. பளபளவென்று வார்னிஷ் அடித்த தாளில், முன்வரிசை நடுவில், செல்வலட்சுமி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“எங்க மக கைவேலைய நாட்டுக்கே காட்டியாச்சு அண்ணாச்சி” என்றார் பாய் பெருமையாக. “இந்தப் படம் இல்லாத டீக்கடை இருக்காது இனிமே.”

முனியராஜின் மனசுக்குள் டீக்கடைகள் வரிசையாக வந்தன. சலூன்கள், உரக்கடை, டயருக்குக் காற்றடிக்கிற கடை, பால் சொசைட்டி. ஒவ்வொன்றிலும் காலையில் எழுந்து தேதி கிழிக்க வருகிறவன் முதலில் பார்க்கப்போவது அந்தச் சிரிப்பை. வருஷத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து நாள்.

கடையின் மூலையில் கழிவுத் தாள்கள் அடுக்கிக் கிடந்தன. மயில்மேல் முருகன், அதே சைஸ். கலர் சரியாக விழாமல் மயில் கழுத்து பச்சையாகிப் போயிருந்தது.

“பாய், இது வேணாததா?”

“எடைக்குப் போடத்தான் கெடக்கு. எதுக்கு?”

“பள்ளிக்கூடத்துப் புள்ளைகளுக்கு நோட்டுக்கு அட்டை போட.”

“தாராளமா எடுத்துக்கிடுங்க.”

இந்த யோசனை அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். பொறாமைக்காரனுக்கு மூளை ரொம்ப வேகமாக ஓடும், ஆனால் ஒரு தெருவுக்குமேல் ஓடாது. ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்து மோட்டார் ரூமில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து எடுத்துவந்த மைதாவைக் காய்ச்சிப் பசையாக்கி, இரண்டு பகல் முழுக்க நூறு காலண்டரிலும் நூறு முருகனை ஒட்டினான். ஒவ்வொரு தடவையும் பசையைத் தடவும்போது அவள் முகத்தைப் பார்க்கவேண்டியிருந்தது. பத்து இருபதுக்குப் பிறகு கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு தடவினான். செருப்பைக் கழற்றி வெளியே போட்டிருந்தான், சாமி காரியம் அல்லவா.

வீட்டுக்கு ஒன்றைக் கொண்டுபோய் நீட்டினான். செல்வலட்சுமி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

“போட்டோ?”

“மொதலாளி மனசு மாறிட்டாரு. சாமியே இருக்கட்டும்னுட்டாராம்.”

அவள் காலண்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “சாமிதான. நல்லதுதான்” என்று சொல்லி, அடித்துவைத்த ஆணியில் மாட்டினாள். அன்றைக்குக் குழம்பில் உப்பில்லை. அவன் தட்டை வழித்துத் தின்றான். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தான். இருந்ததுதான், ஒரு பத்து நிமிஷம். பொங்கலுக்கு வேண்டுமென்றே ஒரு கட்டுக் கரும்பு வாங்கிவந்து போட்டான். அவள் அதை அரிவாள்மணையில் விரல்கடைத் துண்டாக நறுக்கி மகளுக்குக் கொடுத்துவிட்டுத் தான் ஒரு துண்டைச் சப்பிக்கொண்டிருந்தாள். கடிக்கவே இல்லை.

கம்பெனி திறக்கிற நாள் காலையில் எல்லாரும் ஊர்க்காவலன் டீக்கடை முன்னால் கூடியிருந்தார்கள். முனியராஜ் வேனில் ஏறி எஞ்சினைச் சூடாக்கிக்கொண்டிருந்தான். ராக்காயி டீயை ஊதிக்கொண்டே கடைக்குள் எட்டிப் பார்த்தாள். பாய்லர் ஆவி படுகிற சுவரில் காலண்டர் தொங்கியது.

“ஏலே ஊர்க்காவலா, ஒங் கடை முருகன் என்னலே அப்பளம் மாதிரி பொங்கி நிக்காரு?”

“குடுத்தப்பவே லேசா அப்பிடித்தான் இருந்துச்சு மதினி. பனி பட்டுச்சோ என்னமோ.”

ராக்காயி தம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனாள். கட்டை விரலால் ஓரத்தை நெருடினாள். முப்பது வருஷம் லேபிள் ஒட்டிய விரல். “அடப் பாவிகளா, வார்னிஷ் தாள்ல மைதாப் பசை போட்டிருக்கானே! நிக்குமா? எந்தக் கூறுகெட்டவன் வேலை இது? பூச்சி வராம இருக்க மயில்துத்தம்கூடப் போடல, எறும்பு அரிச்சிருக்கு பாரு.”

“சாமி படம் மதினி, கிளிச்சுராதீக.”

“யாரு கிளிக்கா? அதுவே வருது.” ஓரத்தைப் பிடித்துப் பதனமாக மேலே தூக்கினாள். முதலில் வரிசையாக வெறுங்கால்கள் தெரிந்தன. அப்புறம் ஒரு பச்சைச் சேலை. அப்புறம் பல். “ஆத்தீ! நம்ம செல்வலச்சுமியில்ல இது! ஏத்தா, எல்லாரும் வாங்க, நம்ம போட்டோ இருக்கு உள்ள!”

முப்பது பேரும் கடைக்குள் நெருக்கினார்கள். நான் எங்கே, நீ எங்கே என்று ஒரே கூச்சல். செல்வலட்சுமி கடைசியாக வந்தாள். படத்தைப் பார்த்தாள். உரிந்து தொங்கிய தாளின் பின்பக்கத்தில் விரலை வைத்து முகர்ந்தாள். மார்கழியில் அரைக்கிலோ மைதா எங்கே போயிற்று என்று இரண்டு நாள் தேடியிருந்தாள் அவள். திரும்பி வேனைப் பார்த்தாள். முனியராஜ் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராக ரோட்டைப் பார்த்தான்.

கூச்சல் அடங்கிவிட்டது. சொல்லாமலே எல்லாருக்கும் விளங்கிவிட்டது. சந்தேகப்படுகிறான் என்று விளங்கிக்கொண்டார்கள். ஊருக்கு அதுதான் தெரிந்த வியாதி. ஒருத்தர்பின் ஒருத்தராக ஏறி உட்கார்ந்தார்கள். செல்வலட்சுமி ராக்காயி பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தாள். கம்பெனி வரைக்கும் வேனில் ஒரு சிரிப்பு இல்லை. ஆவணியிலிருந்து அவன் ஆசைப்பட்டது இதைத்தான். ரோட்டில் இருந்த பள்ளம் ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து ஒதுக்கி ஓட்டினான்.

சாயங்காலம் அவன் வேனைக் கழுவிவிட்டு வீட்டுக்கு வந்தபோது செல்வலட்சுமி வீட்டுக் காலண்டரைத் தரையில் கிடத்தி, ஈரத்துணியை முருகன்மேல் விரித்து உட்கார்ந்திருந்தாள். மகள் பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். அவன் தூணோரமாக உட்கார்ந்தான்.

“சந்தேகமா?” என்றாள், தலையைத் தூக்காமல்.

“இல்ல. அவுக சொல்ற மாதிரி இல்ல லச்சுமி. சாமி சத்தியமா இல்ல.”

“பெறகு?”

“பொறாமையா இருந்துச்சு. பதினோரு வருசமா நீ எனக்கு மட்டும்தான சிரிச்ச. இப்ப ரோட்டுல போறவன் வர்றவனுக்கெல்லாம் சிரிக்கிற. எனக்குன்னு ஒண்ணும் இல்லாமப் போச்சு.”

அவள் துணியை எடுத்துத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து மறுபடி விரித்தாள்.

“ஒங்களுக்கு மட்டும் சிரிச்சேன்னு யாரு சொன்னா? ஒங்ககிட்ட மட்டும்தான் எனக்கு வெக்கம் இல்ல. ஏன்னா ஒங்க பல்லும் அப்பிடித்தான். மத்த எல்லார் முன்னாடியும் செத்துச் செத்துப் பொழச்சேன். அத நீங்க ஒங்க சொத்துன்னு வச்சிருந்தீகளா?”

முனியராஜ் கதவைச் சாத்தி அனுபவித்த சொத்து, அவளுக்கு அடைபட்டுக் கிடந்த இடம். அவன் ஒருநாள்கூட அவள் ஏன் வாயை மூடுகிறாள் என்று கேட்டதில்லை.

“பல்லு பூசுன அன்னைக்கு டீயோட நின்னீகளே, ஒரு வார்த்தை சொன்னீகளா? நூகு பாய் சொன்னாரு, டாக்டரம்மா சொன்னாக, தெருவே சொல்லுச்சு. நான் ஒங்க மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னேன்.”

“தப்புத்தான்.”

“அது போவட்டும். நீங்க கடைசியா என்னைக்குச் சிரிச்சீக, ஞாபகம் இருக்கா?”

அவன் யோசித்தான். ஞாபகம் வரவில்லை.

“ஆவணிக்கு முந்தி. நான் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். நான் ஒருத்தி நல்லாயிட்டேன்னு நீங்க வாய மூடிக்கிட்டீக. முன்னாடி நடிச்சுக் காட்டுவீக, கூடச் சேந்து சிரிப்பீக. இப்பம் என் முன்னாடி உதட்டக் கூடப் பிரிக்கிறதில்ல. வெளியில முப்பது பேரு கூடச் சிரிச்சாலும் வீட்டுக்கு வந்தா எளவு வீடு மாதிரி இருக்கு. எனக்கும்தான் ஒண்ணு இல்லாமப் போச்சு. அத நான் எந்தச் சாமிய வச்சு ஒட்ட?”

பேசிக்கொண்டே துணியை எடுத்துவிட்டு இரண்டு மூலையையும் பிடித்து முருகனை மெள்ள உரித்தாள். அநேகமாக முழுசாக வந்தது. ராக்காயிக்கு இருக்கிற கைப்பதம் அவளுக்கும் உண்டு.

“நாளையிலருந்து நீங்களே வீடு வீடாப் போவணும். ஈரத்துணி வச்சு, இந்த மாதிரி, ஒரு சாமியும் கிளியாம எடுத்துட்டு வரணும். தொண்ணூத்தொம்பதும்.”

“சரி.”

“கேட்டா என்ன சொல்லுவீக?”

“பொறாமையில ஒட்டுனேன்னு சொல்லுதேன்.”

அவள் உரித்த தாளை நிலைக்கதவின்மேல் காயப் போட்டுவிட்டுத் திரும்பிக் குனிந்தாள். ஒரு இடத்தில் மட்டும் பசை கெட்டியாகப் பிடித்திருந்தது. அங்கே ஒரு துண்டு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. அவள் நகத்தால் சுரண்டப் போனவள் கையை நிறுத்தினாள். காலண்டரை அவன் பக்கம் திருப்பி வைத்தாள்.

“இதப் பாருங்க.”

முனியராஜ் குனிந்து பார்த்தான். முன்வரிசை நடுவில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் நடுவரிசை ஓரத்தில், போர்மேன் அழகுராஜாவின் மடிப்புக் கலையாத சட்டைக் காலருக்கு மேலே, அவன் தலை இருக்கவேண்டிய இடத்தில், பச்சைக் கழுத்தோடு மயில் தலை ஒன்று உட்கார்ந்திருந்தது. கொண்டை வேறு. மயில் ரொம்ப அதிகாரமாக ஊக்கு இருக்கிறதா வளையல் இருக்கிறதா என்று முன்வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவனுக்கு முதலில் மூச்சு முட்டியது. அடக்கப் பார்த்தான். முடியவில்லை. வயிற்றிலிருந்து கிளம்பி வந்துவிட்டது. தூணில் சாய்ந்து, வாய் முழுக்கத் திறந்து, காவியும் குழியுமாக மேல்வரிசை கீழ்வரிசை எல்லாம் தெரிய, கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தான். “சரவெடி… மாமியாரு…” என்று ஏதோ சொல்லப்போய் அதுவும் முடியாமல் தரையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். பாதியில் அவள் சிரிக்கும் சத்தம் கேட்கவில்லையே என்று நிமிர்ந்து பார்த்தான்.

செல்வலட்சுமி சிரிக்கவில்லை. ஈரத்துணியை மடியில் போட்டுக்கொண்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நிப்பாட்டாதீக” என்றாள்.